எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் என் மகனிடம் ஒரு பொய் சொன்னேன். "ஊசியெல்லாம் போட மாட்டாங்க மக்களே. டாக்டர் சும்மா கண்ணைப் பாத்துட்டு விட்டுருவாங்க." அப்போது அவனுக்கு நாலு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, பார்வதிபுரம் தாண்டும்வரை தைரியமாகத்தான் வந்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலையில் எழும்போது அவன் இமை இரண்டும் உப்பியிருந்தன. மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். பூச்சி கடித்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கண்ணேறு என்று மாமி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நான் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். ஒரு நாள் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. வயிறு பானை மாதிரி இருந்தது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தது. அன்றைக்குத்தான் பஸ் ஏறினோம்.

நெப்ராட்டிக் சிண்ட்ரோம் என்றார்கள். சிறுநீரகத்தில் இருக்கும் வடிகட்டி, உடம்பில் நிற்க வேண்டிய புரதத்தை வெளியே விட்டுவிடுகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் ரத்தக்குழாய்க்குள் நிற்காமல் வெளியே கசிந்து முகத்திலும் காலிலும் வயிற்றிலும் தேங்கும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கேட்கும், வளர வளர விட்டுப் போய்விடும் என்றும் சொன்னார்கள். என் காதில் 'கிட்னி' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

உடம்பு வீங்கியிருந்தால் நரம்பு தெரியாது. கையில் ஊசிக்குழாய் ஏற்றி வைக்க மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நாலு பேர் அவனைப் பிடித்திருந்தார்கள். கடைசியில் கட்டோடு தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் அழவில்லை. "நீ சொன்னே" என்றான். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாயங்காலம்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த "நீ சொன்னே"க்காகத்தான் இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன். இப்போது அவனுக்குப் பதினொரு வயது. நோய் அதற்குப் பிறகு ஐந்து தடவை திரும்ப வந்தது. இரண்டு தடவை மறுபடியும் படுக்க வேண்டியிருந்தது. கடைசியாக வந்து இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருக்கப் போகிற அம்மாமாருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லுங்கள். முன்கூட்டியே, சின்ன வார்த்தையில் சொல்லுங்கள்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் வார்டில் இருந்த வயதான சிஸ்டர் ஒருவர். அன்று ராத்திரி வந்து, "நாளைக்குக் காலையில ரத்தம் எடுக்கணும். இப்பவே அவன்கிட்டச் சொல்லிருங்கம்மா" என்றார். சொன்னால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டானே என்றேன். "சொல்லாட்டா மட்டும் தூங்குறானா?" என்று கேட்டார். உண்மைதான். கதவு திறக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் விழித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எப்போது வரும் என்று தெரியாததால் அவனுக்கு எல்லா நேரமுமே ஊசி வரும் நேரமாகிவிட்டிருந்தது.

சிஸ்டரே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "நாளைக்குக் காலையில இந்தக் கையில ஒரு ஊசி உண்டு. கொஞ்சம் ரத்தம் வேணும், உன் வீக்கம் குறையுதான்னு பாக்க. வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். நீ அழலாம். கையை மட்டும் ஆட்டக் கூடாது." அவன் முதலில் கேட்ட கேள்வி, "அம்மா வெளியே போவாளா?" என்பது. "இல்ல, அம்மா மடியிலதான் நீ இருப்ப."

பிறகு ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, ஒரு துண்டு பிளாஸ்திரி கொடுத்துவிட்டுப் போனார். அவனிடம் ஒரு துணி யானை இருந்தது. அந்த யானைக்கு இருபது தடவையாவது ஊசி போட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு, "அசையாதே! அசைஞ்சா இன்னொண்ணு போடுவேன்!" என்று பெரியவர் குரலில் அதட்டினான். கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கோபம் தீர்ந்தபிறகு, கடைசியில் ஒரு தடவை மெதுவாகக் குத்தி, பஞ்சு வைத்து அழுத்தி, "முடிஞ்சாச்சு மக்களே" என்றான்.

விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிடுகிற இந்த விஷயத்தை ஒரு மருத்துவ வேலையாகவே செய்கிறவர்கள் உண்டு என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. வியன்னாவில் மாண்டிசோரி ஆசிரியையாக இருந்த எம்மா பிளாங்க் என்பவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரியில் 1955-ல் இப்படி ஒரு பிரிவைத் தொடங்கினார். பிள்ளைகளோடு விளையாடுவதும், நடக்கப் போவதைப் பொம்மையை வைத்து விளக்குவதும், பாடம் சொல்லித்தருவதும் அங்கே வேலை. இன்றைக்கு அந்த நாட்டில் அது தனிப் படிப்பு, தனித் தொழில். நம் வார்டுகளில் அப்படி ஒரு பதவி நான் பார்க்கவில்லை. இருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு இடையில் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டர்மாரிடம் அதையும் சேர்த்துச் செய்யச் சொல்வது நியாயமில்லை. என் மகனுக்கு அந்த வயதான சிஸ்டர் கொடுத்த பத்து நிமிடம் அவருடைய சாப்பாட்டு நேரத்திலிருந்து வந்தது.

மறுநாள் காலை அவனை என் மடியில், நெஞ்சோடு நெஞ்சாக உட்கார வைத்தார்கள். கால் இரண்டும் என் இடுப்பைச் சுற்றியிருந்தன. ஒரு கை என் கழுத்தில், இன்னொரு கை சிஸ்டரிடம். மல்லாக்கப் படுக்க வைத்துப் பிடித்தால் பிள்ளைக்கு அது அடிபிடி மாதிரி. மடியில் இருந்தால் அம்மா அணைத்துக்கொண்டிருக்கிற மாதிரி. பிடிப்பு ஒன்றுதான், அவனுக்கு அர்த்தம் வேறு. அழுதான், பெரிதாகவே அழுதான். ஒன்பது எண்ணும்போது முடிந்துவிட்டது. "பத்து வரல்லியே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

தடுப்பூசி போடும்போது வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வழிகளில் இவையும் உண்டு: வளர்ப்பவர் கூடவே இருக்க வேண்டும், சின்னப் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் தாய்ப்பால் கொடுக்கலாம். ஆக, "நானும் உள்ளே இருக்கட்டுமா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. மரியாதையாகக் கேளுங்கள். மாட்டேன் என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். நான் முதல் நாள் கேட்கவே இல்லை. வெளியே போ என்றதும் போய்விட்டேன். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பும் இருக்கிறது. லிடோகைனும் பிரைலோகைனும் கலந்தது. குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும். அவசரத்துக்கு உதவாது, ஆனால் நாளைக் காலை என்று தெரிந்த ஊசிக்கு உதவும். டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். நாம் கேட்டால்தான் அவர்களுக்கும் நினைவு வரும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் சோப்புக் குமிழி ஊதச் சொல்லலாம். குமிழி பெரிதாக வர வேண்டுமென்றால் மூச்சை மெதுவாக விட வேண்டும், அப்படி விட்டாலே உடம்பு தளரும். திருவிழாக் கடையில் கிடைக்கிற அந்தக் குமிழி டப்பா எங்கள் ஆஸ்பத்திரிப் பையில் இப்போதும் கிடக்கிறது.

எங்கள் வார்டில் ராத்திரியும் பகலும் தாய் கூட இருக்கலாம். அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட வேண்டும், குறித்த நாளில் குறித்த நேரம் மட்டும் வந்து பார்க்கலாம். பிள்ளை முதலில் கத்தும், அப்புறம் அடங்கிப்போகும், அதைப் 'பழகிவிட்டது' என்று நினைத்தார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம்பிடித்து 1952-ல் காட்டினார். அடங்கிப்போனது பழக்கத்தால் அல்ல, நம்பிக்கை போனதால் என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது. 1959-ல் அந்த நாட்டு அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோரைத் தடையில்லாமல் விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதைப் படித்தபோது என் மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகுதான் என் கண்ணில் நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். இருந்தும் ஒரு பொய்யால் அவனைத் தனியாக விட்டிருந்தேன்.

வீட்டில் நாம் எல்லோரும் சொல்கிறோமே, "சோறு தின்னல்லன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று. நானும் சொல்லியிருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளை அதை நம்புகிறது. அந்த வயதில், தான் செய்த தப்புக்குத்தான் நோய் வந்தது, ஊசி தண்டனை என்று பிள்ளைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நாம் வேறு அதற்குச் சாட்சி சொல்லி வைத்திருக்கிறோம். மூன்றாம் நாள் அவன் என்னிடம், "இனிமே சோறு முழுசும் திங்கேன், வீட்டுக்குப் போலாமா?" என்றான். உப்பில்லாத கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டான். இப்போதும் அந்த வார்த்தையைச் சாதாரணமாக எழுத முடியவில்லை.

உப்பு எங்களுக்குப் பெரிய சோதனையாக இருந்தது. வீக்கம் வடியும்வரை உப்பைக் குறைக்க வேண்டும். மீன் குழம்பும் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் இல்லாமல் ஒரு நேரம்கூட சோறு இறங்காத வீடு எங்களுடையது. போதாக்குறைக்கு ஸ்டீராய்டு மாத்திரை பயங்கரமாகப் பசியைக் கிளப்பும், எரிச்சலையும் கிளப்பும். சாந்தமான பிள்ளை தட்டை வீசி எறிந்தான். இது மாத்திரையின் வேலை, பிள்ளை கெட்டுப்போகவில்லை என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நான் அவனை அடித்திருக்க மாட்டேன். ஒரு அடி அடித்தேன். கடைசியில் மட்டிப் பழமும் அவித்த ஏத்தம்பழமும் எங்களைக் காப்பாற்றின. மட்டிப் பழம் அவன் ஆறு மாதத்தில் முதன்முதலில் தின்ற பழம், இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அந்தச் சின்னப் பழத்தைக் கையில் கொடுத்ததும் முகம் கொஞ்சம் வீட்டு முகமாக மாறியது.

அவனுக்கு ஒரு வேலை கொடுத்ததும் உதவியது. குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளந்து எழுத வேண்டும், தினமும் எடை பார்க்க வேண்டும். நான் அளந்துகொண்டிருந்ததை அவனிடம் விட்டேன். குவளையில் கோட்டைக் காட்டி, "இதுவரை வந்திருக்கு" என்று அவன் சொல்ல நான் எழுதுவேன். எடை குறைந்த நாளில் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடப்பான். வீட்டுக்கு வந்த பிறகும் காலைச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மருந்துத் துளி விட்டுக் கலங்குகிறதா என்று பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து அதை அவன்தான் பார்க்கிறான். கலங்கலின் அளவு மூன்று பிளஸ்ஸோ அதற்கு மேலோ மூன்று நாள் தொடர்ந்து வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு தடவை அவனே வந்து, "அம்மா, ரெண்டு நாளா பால் மாதிரி இருக்கு. நாளைக்கும் அப்படியிருந்தா டாக்டருக்கு விளிக்கணும்" என்றான். நோய் அவனுடையது. அதைப் பற்றிய செய்தியும் முதலில் அவனுக்குத்தான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்பில்தான் வருகிறார்கள். ஹார்லிக்ஸும் பன்னும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். வந்து கட்டிலைச் சுற்றி நின்று, "ஐயோ, இந்த வயசிலேயே கிட்னியா? எங்க பக்கத்து வீட்டுல ஒரு ஆளுக்கு இப்படித்தான்..." என்று பிள்ளையின் தலைக்கு மேலே பேசுகிறார்கள். பிள்ளை கண்ணை மூடியிருந்தாலும் காது திறந்திருக்கிறது. ஜெபம் பண்ண வந்தவர்கள் உண்டு, கயிறு மந்திரித்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், அந்த நேரத்தில் அதுவும் வேண்டியிருந்தது. ஆனால் நோயைப் பற்றிய பேச்சை வராந்தாவுக்குக் கொண்டுபோக என் மைனி ஒருத்திதான் உதவினாள். யார் வந்தாலும், "வாங்க, வெளியே போய்ப் பேசலாம்" என்று தோளைத் தொட்டுக் கூட்டிப்போய்விடுவாள். ஒரு குடும்பத்துக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும்.

என் கணவர் அப்போது சவூதியில் தம்மாமில் இருந்தார். வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவர் உடைந்துவிட்டார், அதைப் பார்த்து இவனும் அழுதான். இரண்டு நாள் கழித்து ஒரு வழி கண்டோம்: முதலில் நானும் அவரும் தனியாகப் பேசி அழ வேண்டியதை அழுதுவிடுவோம், பிறகு ராத்திரி எட்டரைக்கு அவர் பிள்ளைக்கு ஒரு கதை சொல்வார். பணத்தைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும், வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக்கு இடமுண்டு. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் எடுக்கலாம். பிள்ளை நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது தடவை திருவனந்தபுரத்துக்குப் போகச் சொன்னார்கள். 1956 வரை எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. கோடு மாறினாலும், பெரிய நோய் என்றால் கால் அந்தப் பக்கம் போகிற வழக்கம் மாறவில்லை. அங்கே ஒரு நர்ஸ் சேச்சி அவன் கன்னத்தைத் தொட்டு, "பேடிக்கண்டா மோனே" என்றார். பயப்படாதே என்று சொன்னார் என்றேன். "பயமெல்லாம் இல்ல. வலிக்குமா வலிக்காதான்னு மட்டும் கேளு" என்றான். கேட்டேன். சேச்சி ஒரு நிமிடம் யோசித்து, "குறச்சு வேதனிக்கும்" என்றார். கொஞ்சம் வலிக்குமாம் என்றேன். அவன் கையை நீட்டினான்.

அங்கே பக்கத்துக் கட்டிலில் குலசேகரத்துக்காரப் பிள்ளை ஒன்று, மூன்று வயதிருக்கும். அதன் அம்மா, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் மக்களே" என்று சமாதானம் செய்துகொண்டிருந்தாள். என் மகன் எட்டிப் பார்த்து, "எறும்பைவிடக் கூடத்தான் வலிக்கும். ஆனா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றான். அந்தப் பெண் என்னை முறைத்துப் பார்த்தாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் சொன்ன பொய்யின் கதையைச் சொன்னேன்.

இன்னொருத்தியைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. என் மூத்தவள். முதல் தடவை நாங்கள் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. மாமியிடம் விட்டுவிட்டுப் போனேன். "தம்பிக்குச் சின்னக் காய்ச்சல்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், எதுவும் கேட்கவில்லை. கேட்காத பிள்ளையை எல்லோரும் சமர்த்து என்று பாராட்டினார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்து, ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொன்னாள். கண் வீங்குவதற்கு முந்தின நாள் ஊஞ்சலில் சண்டை போட்டு அவனைத் தள்ளிவிட்டாளாம். அவன் முகம் மண்ணில் பட்டதாம். அதனால்தான் வீங்கியது என்று அந்தப் பதினொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

விளக்கைப் போட்டு, ஒரு தாளில் சிறுநீரகம் வரைந்து, வடிகட்டி எப்படிக் கசிகிறது என்று காட்டினேன். தள்ளிவிட்டால் இது வராது, யார் என்ன செய்தாலும் வராது என்றேன். திரும்பத் திரும்ப நாலைந்து தடவை கேட்டாள். நாலைந்து தடவையும் சொன்னேன்.

இரண்டாம் தடவை படுக்க வேண்டி வந்தபோது, சிஸ்டரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிப் போனேன். வாசலிலேயே நின்று வார்டை முழுக்கப் பார்த்தாள். கட்டில்களை எண்ணினாள். ஸ்டாண்டில் தொங்கிய பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதை ரொம்ப நேரம் பார்த்தாள். தம்பி தன் அளவுக் குவளையைக் காட்டி விளக்கினான், இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "நீ எங்க தூங்குவ?" என்றாள். கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டினேன். அதை இழுத்து விரித்து, கவுனைச் சரிசெய்துகொண்டு, கட்டிலுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள்.

"அம்மா, இங்கேருந்து பாத்தா கட்டிலோட துருதான் தெரியுது" என்றாள் உள்ளேயிருந்து. "கை நீட்டினா அவன் கால் எட்டுது."

"ஆமா," என்றேன். "ராத்திரி அப்படித்தான் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்."

அவன் மேலே கட்டிலில் காலை ஆட்டினான். அவள் கீழேயிருந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடிக்கும்வரை அங்கேதான் கிடந்தாள்.